பூமணியின் படகுக்கு மோட்டார் பார்த்த கதை

படகு வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் கடைக்கு வருவதே இல்லையாம். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கைப்பேசியில் தட்டினால் போதும், படகு எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று அதுவே சொல்லிவிடுமாம். முப்பது வருடத்துக்கும் மேலாக நான் மெக்கானிக்காக இருந்த ஈப்போ படகுக் கடையை இப்போது என் பழைய தவுக்கேயின் மகள் மெய் லிங் நடத்துகிறாள். சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்றுதான் சொல்லுவோம். போன மாதம் அவள் அழைத்து இதைப் பெருமையாகச் சொன்னாள். முதல் தடவையாகப் பாண்டூன் படகு வாங்குகிற நம் மலேசியத் தமிழர்களுக்குத் தமிழில் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படியும் கேட்டாள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, எழுதுகிறேன் என்றேன். ஆனால் எத்தனை பேர் என்பதிலிருந்து தொடங்க மாட்டேன். தொடங்கினால், முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

பாண்டூன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் பலகைத் தளம், சுற்றிலும் இடுப்பளவு கம்பி, வெயிலுக்கு ஒரு கூரை. பின்னால் மோட்டார் தொங்கும். வேகமாகப் போக ஆசைப்படுகிறவன் இதை வாங்கக் கூடாது. குடும்பத்தோடு உட்கார்ந்து, வடையைத் தின்றுகொண்டு, மெதுவாகப் போக நினைப்பவனுக்கு இதைவிட நல்ல படகு இல்லை.

என் சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். எனக்கு அந்தக் கத்தி கையில் நிற்கவில்லை, இன்ஜின் நின்றது. கோப்பெங்கில் ஈயம் தோண்டுகிற லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், பம்புகளுக்கு எண்ணெய் போட்டுத் தொழில் கற்றேன். ஈயம் விலை போகாமல் லம்பங்களை மூடினார்கள். தோண்டிய குழிகள் குளமாயின, குளத்துக்கு மீன் வந்தது, மீனுக்குப் பின்னால் மனிதர்கள் படகோடு வந்தார்கள். ஆக, என் வேலை மட்டும் போகவில்லை.

தவுக்கேயும் சுங்காய்க்காரர்தான். தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்குகிற மளிகைக் கடையில் வளர்ந்தவர். அதனால் தமிழ் பேசுவார். இலக்கணம் அவருடையது, அர்த்தம் நம்முடையது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வாயில் எந்நேரமும் ஒரு உப்புப் பிளம் இருக்கும். கோபம் வந்தால் அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார், அவ்வளவுதான். நாங்கள் பயப்பட அதுவே போதும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரிடம் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டுவிட்டேன். பிளம் இடம் மாறியது. அவர் போன பிறகு தவுக்கே என்னிடம் சொன்னார்:

"மணியம், எத்தனை பேர் கேக்காதே லா. என்னா செய்வாங்க, அது கேளு."

அவருடைய முறையே அதுதான். படகு வாங்க வருகிறவரிடம் முதல் நாளில் படகைக் காட்ட மாட்டார். யார் யார் அதில் ஏறப்போகிறார்களோ அவர்களையெல்லாம் ஒரு நாள் கூட்டி வரச் சொல்வார். கடையின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் தளத்தின் அளவுக்கு ஒரு நீண்ட கட்டம் போடுவார். வாசல் எங்கே, இருக்கை எங்கே, ஸ்டியரிங் எங்கே, மோட்டார் எங்கே என்று உள்ளே சின்னச் சின்னக் கோடுகள். எல்லோரையும் அதற்குள் ஏற்றி, படகில் என்ன செய்வீர்களோ அதை இப்போது செய்யுங்கள் என்பார். தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். முதலில் எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். தூண்டில்காரர்கள் நான்கு பேர் வந்தால், நான்கு பேரும் ஐஸ் பெட்டி இருக்கும் மூலையில்தான் போய் நிற்பார்கள். அந்த மூலைக்குத் தக்கபடி அவர் படகைத் தேர்ந்தெடுப்பார். வியாபாரம் முடிகிற வரை அந்தக் கட்டம் தரையில் அப்படியே இருக்கும். அதை மிதிக்காமல் சுற்றித்தான் நாங்கள் நடக்க வேண்டும்.

இப்படிப் போட்ட கட்டங்களில் அதிக நாள் தரையில் கிடந்தது பூமணியுடையது.

பூமணி தாப்பாவில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தாள். புருஷன் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு காலைப் பொழுதில் கொழுந்தன் செல்வத்தோடு கடைக்கு வந்தாள். செல்வம் கேமரன் மலைக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் முன்னால் ஓடும். பேராக் ஆற்றில் விட ஒரு பாண்டூன் வேண்டும் என்றார்கள். மீன் பிடிக்கவா என்றேன். பூமணி இல்லை என்று தலையசைத்தாள். அஸ்தி கரைக்க.

காரியத்துக்குச் சாமான் வாங்க வருகிற குடும்பங்கள் எல்லாம் அவளிடம் ஒரே குறையைத்தான் சொல்லுமாம். ஆற்றங்கரையில் இறங்க நல்ல இடமில்லை. இருக்கிற இடமும் மணல் மேடிட்டுக் கணுக்கால் அளவுத் தண்ணீர். அங்கே ஊற்றினால் போகாது.

"திரும்பி கரைக்கே வருது அண்ணே. ஊத்துனவங்க காலுக்கே வருது. நடு ஆத்துக்குக் கொண்டு போயி, ஓடுற தண்ணியில விடணும். அதுக்குத்தான்."

கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் இதில் போடுகிறாள் என்று செல்வம் என் காதில் சொன்னார். போட்டாலும் சரியான படகாக இருக்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கும் அந்த நேரத்தில் ஒரு குறையும் வரக் கூடாது, அதுதான் அவளுடைய ஒரே கவலை. படகுக்கு என்ன நிறம் என்றுகூட அவள் கேட்கவில்லை. நிறம் கேட்காமல் படகு வாங்க வந்த வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

வழக்கம்போல் தவுக்கே ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்தார்கள். கட்டம் போட்டார். ஏறினார்கள். கல்யாண போட்டோவுக்கு உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் சமமாக, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்போது செய்யுங்கள் என்றார் தவுக்கே. யாரும் அசையவில்லை. மறுபடி சொன்னார். ஒரு பெரியம்மா எழுந்து கட்டத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

செல்வம்தான் வாயைத் திறந்தார். "கோவிச்சுக்காதீங்க தவுக்கே. எல்லாரும் நல்லா இருக்கிற ஆளுங்க. சாவு இல்லாம அந்தக் காரியத்தச் சும்மா செஞ்சு காட்டக் கூடாது. வீட்டுக்கு ஆவாது."

சொன்னது நியாயம்தான். சாவில்லாமல் சாவுச் சடங்கை நடித்துக் காட்ட நம் ஆட்களில் யார் துணிவார்கள்? நானும் மாட்டேன். சீனப் புத்தாண்டில் வீடு கூட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று விளக்குமாற்றை ஒளித்து வைக்கிற தவுக்கேக்கு இதைப் புரியவைக்க வேண்டிய அவசியமே இல்லை. தலையாட்டினார். ஆனால் முன்பணமும் வாங்கவில்லை. கட்டத்தையும் அழிக்கவில்லை. பார்க்காததை விற்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பூமணியின் முகம் விழுந்துவிட்டது. வேறு கடையில் வாங்கலாம் என்று செல்வம் முணுமுணுத்தது என் காதில் பட்டது. வேறு கடை இருக்கத்தான் இருந்தது. கேட்ட உடனே எடுத்துக் கொடுத்தும் இருப்பார்கள். எனக்கும் தவுக்கே மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

இரண்டு நாள் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்த பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பூமணி குடும்பத்தாருடைய பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழா முடிந்ததும் பெண்கள் முளைப்பாரியைத் தண்ணீரில் கொண்டுபோய் விடுவார்கள். அது மங்கல காரியம். கையில் சட்டி, மனம் முழுக்கச் சாமி, எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரோரம் போய்க் குனிவார்கள். உடம்பு செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான். தவுக்கேயிடம் சொன்னேன். பிளம்மைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது தீபாவளிக்குத் தீபாவளி.

கோப்பெங் பக்கத்தில் எங்கள் கடைக்காரர்கள் படகு ஓட்டிக் காட்டுகிற லம்பக் குளம் ஒன்று உண்டு. அந்த வருடம் முளைப்பாரியை அங்கேயே விட்டுக்கொள்ளலாம், படகு இலவசம் என்றோம். பட்டுப்புடவையும் அதற்கு மேல் செம்மஞ்சள் மிதவைச் சட்டையுமாகப் பன்னிரண்டு பெண்கள் இரண்டு குழாய் வைத்த வழக்கமான படகில் ஏறினார்கள், கூடவே பூசாரியும். நான் ஓட்டினேன். உட்கார்ந்திருந்த வரை படகு ஆடவே இல்லை. குளத்து நடுவில் நிறுத்தியதும் பூசாரி ஒரு பக்கம் கையைக் காட்டினார். பன்னிரண்டு பேரும் குலவையிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். அந்தப் பக்கக் குழாய் முங்கியது. தண்ணீர் தளத்தின் மேல் ஏறி அவர்கள் கணுக்காலைத் தொட்டது, செருப்புகள் மிதந்து போயின. நான் இந்தப் பக்கம் பாய்ந்து கம்பியில் தொங்கினேன். ஒருத்தியாவது நகர்ந்தாளா? சட்டியை விட்டு, கும்பிட்டு முடித்த பிறகுதான் வந்து உட்கார்ந்தார்கள். கரையில் தவுக்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கரைக்கு வந்ததும், ஒவ்வொருவராக வரச் சொன்னால் இந்தப் படகே போதும் என்றார் செல்வம். பூமணி புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "அழுவுற ஆள க்யூவுல நிக்கச் சொல்வீங்களா தம்பி?"

தவுக்கே என்னைப் பார்த்தார். கடைக்குத் திரும்பியதும் பழைய கட்டத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அகலமாக வேறொன்று போட்டார். மூன்று குழாய்ப் படகு. இரண்டுக்கு நடுவில் மூன்றாவது குழாய் இருப்பதால், எல்லோரும் ஒரு பக்கம் போனாலும் தளம் லேசாகச் சாயுமே தவிர முங்காது. பக்கவாட்டில் ஒரு அகலக் கதவு, அதற்குக் கீழே முழங்கால் போட்டு உட்காரத் தோதாக ஒரு படி. மனிதர்களைப் படகுக்குத் தக்கபடி மாற்ற முடியாது, படகைத்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு வரியை மெய் லிங் தன் கைப்பேசியில் எங்காவது போட்டால் நல்லது.

அடுத்தது மோட்டார். செல்வம் தொண்ணூறு குதிரைச் சக்திக்கு ஆசைப்பட்டார். யாரோ பந்திங்கில் அதை வைத்திருக்கிறார்களாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், ஆற்றில் ஓட்டுவதற்கு அளக்க வேண்டாமா என்று கேட்டேன். அஸ்தியோடு யாரை முந்தப் போகிறீர்கள்? மோட்டார் பார்க்கத் தவுக்கேக்கு இன்னொரு முறை உண்டு. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி ஓடவிட்டு, வாங்க வந்த இருவரையும் பக்கத்தில் நின்று பேசிக்கொள்ளச் சொல்வார். குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பார். தூண்டில்காரனுக்கு அது முக்கியமில்லை, மந்திரம் சொல்கிற இடத்துக்கு முக்கியம். பூமணியும் செல்வமும் மூன்று மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்று அரிசி விலை பேசினார்கள். கடைசியில் நாற்பது குதிரைச் சக்தி, நான்கு ஸ்ட்ரோக், பெரிய புரொப்பெல்லர். வேகம் வராது. ஆனால் பாரத்தை இழுக்கும், ஆற்று இழுப்புக்கு எதிராக மெதுவாகவே போகும். படகின் உயரத்துக்கு நீளத் தண்டு. கயிறு இழுக்க வேண்டாம், சாவியைத் திருப்பினால் போதும்.

இனி நான் சொல்லப்போவது என் தொழில். நம் ஆட்கள் கடைக்குப் படகு வாங்கப் போகும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை நூல்தான் மோட்டாருக்கு எமன். பூ கரைந்துவிடும், அதைக் கட்டிய நைலான் நூல் கரையாது. அது புரொப்பெல்லர் தண்டில் சுற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கும். எண்ணெய் பால் விட்ட தேநீர் நிறத்துக்கு வந்தால் விஷயம் முடிந்தது. அதனால் பூமணிக்கு ஒரு நடைமுறை வகுத்தேன். நடு ஆற்றில் படகைக் குறுக்கே நிறுத்த வேண்டும், கியரை விடுவித்துவிட வேண்டும். நீர் போகிற பக்கத்துக் கதவு வழியாகக் கரைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், மோட்டாருக்குப் பின்னால் மாலையோ துணியோ மனிதரோ இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்த பிறகே கியர் போட்டு, எதிர்நீரில் கிளம்ப வேண்டும்.

படகை ஒப்படைக்கிற அன்று தவுக்கேயும் தன் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்திருந்தார். ஆற்றங்கரையில் இதை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். ஓட்டப்போவது செல்வம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், திரும்பிப் பார்க்க வேண்டும் என்றதும் நின்றுவிட்டார்.

"அஸ்தி கரைச்சா திரும்பிப் பாக்கக் கூடாது அண்ணே. தெரியாததா ஒங்களுக்கு?"

தெரியும். கரைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், பார்த்தால் போன உயிருக்குப் போக மனம் வராது, நம்மோடு வந்துவிடும் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். குடும்பத்தார் பார்க்க வேண்டாம், ஓட்டுகிறவர் பார்க்கத்தான் வேண்டும் என்றேன். ஓட்டுகிறவனுக்கும் குடும்பம் உண்டு என்றார். லாரிக் கண்ணாடி ஒன்று பொருத்தித் தருகிறேன் என்றேன். கண்ணாடியில் பார்த்தாலும் பார்த்ததுதான் என்றார், வேலைக்காலம் முழுவதும் கண்ணாடியைப் பார்த்தே மலை ஏறி இறங்கிய மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பின்னால் யார் விழுந்தார்கள் என்று தெரியாமல் புரொப்பெல்லரைச் சுற்றவிட நான் எப்படிச் சம்மதிப்பேன்? அவர் தன் நம்பிக்கையை விட எப்படிச் சம்மதிப்பார்? அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

தவுக்கே சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பின்னால பாக்க ஆள் இல்ல, சாவி இல்ல."

வேறு யாராவது ஓட்டட்டும் என்றால், நம் ஆட்களில் யார் வந்தாலும் இதே பேச்சுதான் பேசுவார்கள். படகு தண்ணீரில் கட்டிக் கிடந்தது. பூமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"நான் ஓட்டுறேன். நான் பாக்குறேன்."

"அண்ணி, அது ஆவாது."

"ஆவும் தம்பி. நான் ஏற்கெனவே பாத்தவதான்." அவள் குரல் உயரவில்லை. "ஒங்க அண்ணன கரைச்சுட்டு வந்த அன்னிக்கு, கார்ல ஏறும்போது திரும்பிப் பாத்துட்டேன். சாம்பலோட தண்ணியில விட்ட அவரு நீலச் சட்ட கரைக்கு வந்து புல்லுல கெடந்துச்சு. சாம்பல் ஓரத்திலயே சுத்திக்கிட்டு நின்னுச்சு. யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் வீட்டுல எது நடந்தாலும், அத்தைக்கு முடியாமப் போனப்பவும், நான் பாத்ததாலதானோன்னுதான் இருக்கும்."

செல்வம் கொஞ்சத் தூரம் போய் மரத்தடியில் நின்றார். முதுகுதான் தெரிந்தது. அவருக்கு வருத்தமா கோபமா என்று எனக்கும் தெரியவில்லை. தவுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் பூமணி பக்கம் நகர்த்தினார், அவள் உட்காரவில்லை. செல்வம் திரும்பி வந்து தவுக்கேயிடம் கையை நீட்டினார். வாங்கிய சாவியைப் பூமணியிடம் கொடுத்தார்.

"கியரு பஸ்ஸு மாதிரி இல்ல அண்ணி. மெதுவா போடணும்."

அவளுக்குக் கற்றுக்கொடுப்பது சுலபமாக இருந்தது. கார்கூட ஓட்டாதவள், அதனால் மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. லைசன்ஸும் எடுத்தாள். முதல் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். புது மோட்டார், மெக்கானிக் கூட இருந்தால் தைரியம் என்று. சுங்காயிலிருந்து ஒரு குடும்பம், தகப்பனாரின் அஸ்தி. நான் பின்னால் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செல்வம் கதவோரம் நின்று ஆட்களைத் தாங்கினார். நடு ஆற்றில் நிறுத்தினாள். மந்திரம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. எல்லோரும் ஒரே பக்கம் போனார்கள், அழுதார்கள், படகு லேசாகச் சாய்ந்து நின்றது. ஒருவர் காலும் நனையவில்லை. முடிந்ததும் மகள்களும் மகன்களும் முன்பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தார்கள். செல்வமும் உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. அத்தனை பேசிய நானும் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் பூமணி ஒருத்திதான் திரும்பினாள். மோட்டாரைப் பார்த்தாள், பிறகு அதற்கு அப்பால் ஆற்றைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றாள். "தண்ணிதான்."

பிறகு கியரைப் போட்டாள்.